டிஜிட்டல் சாட்சியங்களைப் பிளாக்செயின் காக்குமா? பறிமுதலுக்கும் பதிவுக்கும் இடைப்பட்ட நேரமே சிக்கல்

புதுடெல்லி: பறிமுதல் செய்யப்படும் ஒரு கைபேசி, நீதிமன்றத்தில் சாட்சியமாக முன்வைக்கப்படுவதற்குள் பல கைகள் மாறுகிறது. சம்பவ இடத்தில் அதைக் கைப்பற்றும் விசாரணை அதிகாரி, மால்கானா எனப்படும் காவல் நிலையப் பொருள் வைப்பறைக்குப் பொறுப்பான காவலர், தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அதை எடுத்துச் செல்பவர், ஆய்வகத்தில் பெற்றுக்கொள்ளும் எழுத்தர், ஆய்வு செய்யும் நிபுணர் என அந்த வரிசை நீள்கிறது. ஒவ்வொரு கைமாற்றமும் பதிவேட்டில் எழுதப்படுகிறது. உறையின் மீது அரக்கு முத்திரையும் இருக்கிறது. ஆனால், கத்தியையோ ரத்தக்கறை படிந்த சட்டையையோ காக்கும் அரக்கு, கைபேசிக்குள் இருக்கும் தகவலைக் காப்பதில்லை. சாதனத்தை இயக்கினாலே அதனுள் உள்ள பல கோப்புகளின் நேரக் குறிப்புகள் மாறிவிடக்கூடும். இணைய இணைப்பு கிடைத்துவிட்டால், தொலைவிலிருந்தே அனைத்தையும் அழித்துவிடவும் முடியும்.

இந்தப் பலவீனத்துக்கு மருந்தாகப் பிளாக்செயின் தொழில்நுட்பமும் பரவல் சேமிப்பு முறையும் சில ஆண்டுகளாக முன்வைக்கப்பட்டு வருகின்றன. புதிய குற்றவியல் சட்டங்கள் 2024 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த பிறகு இந்தப் பேச்சு வேகம் பெற்றுள்ளது. இந்த ஏற்பாடு எதைக் காக்கும், எதைக் காக்காது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டிய நேரம் இது. ஏனெனில், இதில் பணயமாக இருப்பது ஒருவரின் விடுதலையாகவோ, பாதிக்கப்பட்ட ஒருவருக்குக் கிடைக்க வேண்டிய நீதியாகவோ இருக்கலாம்.

சட்டம் சொல்வது என்ன?

1872-ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்துள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம், மின்னணுப் பதிவுகளுக்கு மற்ற ஆவணங்களுக்கு இணையான சட்ட மதிப்பை வழங்குகிறது. பழைய சட்டத்தின் 65பி பிரிவின் இடத்தில் இப்போது 63-ஆவது பிரிவு இருக்கிறது. அதன்படி மின்னணுப் பதிவுடன் ஒரு சான்றிதழ் இணைக்கப்பட வேண்டும். சாதனத்துக்குப் பொறுப்பானவர் ஒரு பகுதியையும், நிபுணர் மறு பகுதியையும் நிரப்ப வேண்டும். அந்தப் பதிவின் 'ஹாஷ்' மதிப்பையும், அது எந்தக் கணக்கீட்டு முறையில் பெறப்பட்டது என்பதையும் அதில் குறிப்பிட வேண்டும்.

சான்றிதழ் இல்லாததால் சாட்சியம் கைநழுவிய வரலாறு இந்தியாவில் புதிதல்ல. கேரளத்தின் ஏறநாடு தொகுதித் தேர்தல் தொடர்பான அன்வர் எதிர் பஷீர் வழக்கில், சான்றிதழின்றித் தாக்கல் செய்யப்பட்ட குறுந்தகடுகளை ஏற்க இயலாது என 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மகாராஷ்டிரத்தின் ஜால்னா தொகுதி தொடர்பான அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில், 2020 ஜூலையில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதே நிலைப்பாட்டை உறுதி செய்தது. தேர்தல் அலுவலரின் அறையில் பதிவான காணொளிகளே அந்த வழக்கின் மையம். பலமுறை கேட்டும் அதிகாரிகள் சான்றிதழ் தரவில்லை என்பதுதான் வேடிக்கை.

நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் தன் பங்குக்கு மூன்று கடமைகளை விதிக்கிறது. சோதனையும் பறிமுதலும் ஒலி-ஒளிப் பதிவு செய்யப்பட்டு, தாமதமின்றி நடுவருக்கு அனுப்பப்பட வேண்டும் என்கிறது 105-ஆவது பிரிவு. ஏழு ஆண்டுகள் அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குச் செல்ல வேண்டும் என்கிறது 176-ஆவது பிரிவு. இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் உண்டு. மின்னணுச் சாதனம் யார் யார் பொறுப்பில் இருந்தது என்ற வரிசையும் இறுதி அறிக்கையில் இடம்பெற வேண்டும் என்கிறது 193-ஆவது பிரிவு. அதிகம் பேசப்படாத இந்தக் கடைசிக் கடமைதான் பிளாக்செயின் ஆதரவாளர்களின் வலுவான பிடிமானம்.

ஹாஷ் முதல் சங்கிலி வரை

ஒரு கோப்பு எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அதைக் குறிப்பிட்ட கணக்கீட்டின் வழியே செலுத்தினால் மாறாத நீளமுள்ள ஒரு மதிப்பு கிடைக்கும். அதுவே ஹாஷ். எஸ்ஹெச்ஏ-256 முறையில் அது 64 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு வரி. இரண்டு மணி நேரக் காணொளியில் ஒரே ஒரு புள்ளியின் நிறம் மாறினாலும் அந்த வரி அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிடும். ஆக, இன்று எடுத்த ஹாஷும் ஐந்து ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்தில் எடுக்கும் ஹாஷும் ஒன்றாக இருந்தால், கோப்பு மாறவில்லை என்று கொள்ளலாம்.

ஆனால், ஹாஷ் எழுதப்பட்ட இடமே திருத்தப்பட்டால் என்ன செய்வது? கோப்பையும் மாற்றி, பதிவேட்டில் உள்ள 64 எழுத்துகளையும் மாற்றிவிட்டால் இரண்டும் பொருந்திவிடும் அல்லவா? பிளாக்செயின் நுழைவது இங்கேதான். ஒவ்வொரு பதிவுத் தொகுதியும் தனக்கு முந்தைய தொகுதியின் ஹாஷைத் தன்னுள் சுமந்திருக்கும். அந்தப் பேரேட்டின் நகல்கள் பல கணுக்களில் இருக்கும். நடுவில் ஒரு வரியைத் திருத்த வேண்டுமானால் அதற்குப் பிந்தைய அனைத்தையும், எல்லா இடங்களிலும் திருத்த வேண்டும்.

இந்தச் சிந்தனை பிட்காயினை விட மூத்தது. ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா ஆகிய இருவரும் 1991-லேயே மின்னணு ஆவணங்களுக்கு நேர முத்திரை இடும் முறையை முன்வைத்தனர். 1995 முதல் அவர்களது நிறுவனம், தொகுக்கப்பட்ட ஹாஷ் மதிப்பை 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் வாரந்தோறும் சிறு விளம்பரமாக வெளியிட்டது. அச்சாகி வீடுகளுக்குச் சென்றுவிட்ட லட்சக்கணக்கான பிரதிகளை யாராலும் திரும்பப் பெற்றுத் திருத்த முடியாது என்பதுதான் அதிலிருந்த சூட்சுமம்.

மொழிபெயர்ப்பு மேசையில் அடிக்கடி இடறும் ஒரு சொல்லை இங்கே குறிப்பிட வேண்டும். இத்தகைய அமைப்புகளைப் பற்றிய ஆங்கில அறிக்கைகளில் வரும் 'டேம்பர் ப்ரூஃப்' என்பதைச் 'சிதைக்க இயலாதது' என்று தமிழாக்கம் செய்வது வழக்கமாகிவிட்டது. சாட்சியக் கோப்பைப் பொறுத்தவரை பிளாக்செயின் அப்படி எந்த உத்தரவாதமும் தருவதில்லை. கோப்பைச் சிதைக்கலாம், அழிக்கலாம். சிதைத்தது பின்னர் தெரிந்துவிடும், அவ்வளவே. 'சிதைத்தால் காட்டிக்கொடுப்பது' என்பதே சரியான பொருள். இந்த வேறுபாட்டை மறந்தால் கொள்கை முடிவுகளே பிசகிவிடும்.

கோப்பு எங்கே இருக்கும்?

ஒரு டெராபைட் வன்தட்டின் நகலைப் பிளாக்செயினுக்குள் ஏற்றுவது நடைமுறைக்கு ஒவ்வாதது. ஆகவே சங்கிலியில் ஹாஷும் கைமாற்ற விவரங்களும் மட்டும் பதியப்பட, கோப்பு வேறிடத்தில் வைக்கப்படும். பரவல் சேமிப்பின் பங்கு அது. மூன்று இடங்களில் மூன்று முழு நகல்களை வைப்பது எளிய வழி. அதற்கு மூன்று மடங்கு இடம் தேவை. 1960-இல் ரீட், சாலமன் ஆகியோர் வகுத்த கணித முறையின் வழியில் இன்னொரு வழியும் உண்டு. கோப்பை ஆறு துண்டுகளாக்கி, அவற்றிலிருந்து கணக்கிட்ட மூன்று மீட்புத் துண்டுகளைச் சேர்த்து ஒன்பது இடங்களில் வைத்தால், எந்த மூன்று அழிந்தாலும் முழுக் கோப்பையும் மீட்கலாம். தேவைப்படும் இடம் ஒன்றரை மடங்கு மட்டுமே. வழக்குகள் பத்து, பதினைந்து ஆண்டுகள் நீடிக்கும் நாட்டில், வன்தட்டுகள் அதற்குள் பழுதாகிவிடும் என்பதை நினைத்தால் இதன் மதிப்பு புரியும்.

பிளாக்செயினுடன் சேர்த்துப் பரவலாகப் பேசப்படும் ஐபிஎஃப்எஸ் முறையைப் பொறுத்தவரை எச்சரிக்கை தேவை. அதில் கோப்பின் முகவரியே அதன் ஹாஷிலிருந்து உருவாவதால், முகவரியும் உள்ளடக்கமும் பிரிக்க முடியாதபடி பிணைந்திருக்கும், அது நல்லது. ஆனால் அந்தக் கோப்பைத் தொடர்ந்து வைத்திருக்க யாரேனும் ஒருவர் பொறுப்பேற்காவிட்டால் அது காணாமல் போகும். பொது வலையமைப்பில் மறையாக்கம் இன்றி வைத்தால், முகவரி அறிந்த எவரும் அதைப் பெறலாம். குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்ற வழக்கின் காணொளி ஒன்று இவ்வாறு பல கணினிகளுக்குப் பரவினால், சாட்சியத்தைக் காக்கும் செயலே புதிய குற்றமாகிவிடும். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டம் தண்டனைக்குரியதாக்கியிருக்கிறது. எனவே, அரசின் கட்டுப்பாட்டிலுள்ள மூடிய வலையமைப்பு, மறையாக்கம், வழக்கு முடிந்து அழிக்க வேண்டிய நாளில் மறைச்சாவியையே அழித்துவிடும் ஏற்பாடு ஆகியவை இல்லாமல் இந்த வழியில் கால் வைக்கக் கூடாது.

மூன்று ஊர்கள், ஒரு நிறுவனம்

இந்தியாவிடம் கட்டமைப்பு இல்லாமல் இல்லை. தேசிய தகவலியல் மையம் 2020 ஜனவரியில் பெங்களூருவில் பிளாக்செயினுக்கான சிறப்பு மையத்தைத் தொடங்கியது. மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2024 செப்டம்பரில் 'விஷ்வஸ்யா' என்ற பிளாக்செயின் தொழில்நுட்பத் தொகுப்பை அறிமுகப்படுத்தியது. புவனேஸ்வர், புனே, ஹைதராபாத் ஆகிய இடங்களில் உள்ள தேசிய தகவலியல் மையத்தின் தரவு மையங்களில் அது இயங்குகிறது. காவல்துறையினர் சம்பவ இடத்தைப் படம்பிடித்துப் பதிவேற்றுவதற்கான 'இ-சாக்ஷ்யா' செயலியை மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா 2024 ஆகஸ்டில் சண்டிகரில் தொடங்கி வைத்தார். தடய அறிவியல் கட்டமைப்பை மேம்படுத்த 2024-25 முதல் 2028-29 வரை ரூ.2,254.43 கோடி மதிப்பிலான திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்திருக்கிறது.

பூகம்பமோ வெள்ளமோ ஒரு தரவு மையத்தைத் தாக்கினால் மற்ற இரண்டும் காப்பாற்றும். ஆனால், குற்றஞ்சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் நீதிமன்றத்தில் எழுப்பப்போவது வெள்ளத்தைப் பற்றிய ஐயம் அல்ல. வழக்குத் தொடுக்கும் அரசே பேரேட்டின் எல்லா நகல்களையும் வைத்திருந்தால், அது மாற்றப்படவில்லை என்பதற்கு என்ன உத்தரவாதம் என்றே அவர் கேட்பார். நியாயமான கேள்வி. மூன்று ஊர்களில் இருந்தாலும் மூன்று கணுக்களின் சாவியும் ஒரே நிறுவனத்திடம் இருந்தால், இடம்தான் பரவியிருக்கிறது, நம்பிக்கை பரவவில்லை. அத்தகைய அமைப்பு நன்றாகப் பராமரிக்கப்படும் சாதாரணத் தரவுத்தளத்திலிருந்து பெரிதாக வேறுபடுவதில்லை. உயர் நீதிமன்றங்கள், தடய அறிவியல் ஆய்வகங்கள், சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் ஆகியவை தத்தம் கணுக்களைத் தாமே நடத்தினால்தான் பிளாக்செயின் என்ற பெயருக்குப் பொருள் உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவைச் சேர்ப்பது மிகையாகத் தோன்றலாம். வழக்கறிஞர் வைக்க வசதியற்ற குற்றஞ்சாட்டப்பட்டோருக்காக வாதாடுவது அந்த அமைப்புதான் என்பதால் அதற்கும் ஒரு நகல் வேண்டும்.

சங்கிலி தொடங்கும் முன்பு

மிகக் கடினமான சிக்கல் சங்கிலிக்கு வெளியே இருக்கிறது. பதிவான நொடியிலிருந்து கோப்பு மாறவில்லை என்பதைப் பிளாக்செயின் நிரூபிக்கும். பதிவாகும் முன்பு என்ன நடந்தது என்பது பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

பீமா கோரேகான் வழக்கை எடுத்துக்கொள்வோம். 2018 ஏப்ரலில் புனே காவல்துறை பறிமுதல் செய்த மடிக்கணினி ஒன்றின் மின்னணு நகலை, எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களின் வேண்டுகோளின் பேரில் அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம் ஆராய்ந்தது. பறிமுதலுக்கு முன்பு சுமார் 22 மாதங்கள் அந்தக் கணினி தீநிரல் வழியே வெளியாரின் கட்டுப்பாட்டில் இருந்ததாகவும், ஆவணங்கள் அதற்குள் வைக்கப்பட்டதாகவும் 2021-இல் வெளியான அதன் அறிக்கை கூறியது. தேசிய புலனாய்வு முகமை இதை ஏற்கவில்லை. உண்மை எது என்பது நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டிய விஷயம். இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்த அறிக்கை கூறுவது சரியென்றே வைத்துக்கொண்டாலும், பறிமுதலின்போது உலகிலேயே சிறந்த பிளாக்செயினில் ஹாஷ் பதிந்திருந்தாலும் பயன் இருந்திராது. வைக்கப்பட்ட ஆவணத்தையே அது பத்திரமாகக் காத்திருக்கும்.

இதற்கு நேர்மாறான உதாரணம் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம். 2020 ஜூனில் அந்தக் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் பின்னர் உயிரிழந்த வழக்கில், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவின்படி நேரில் விசாரித்த நீதித்துறை நடுவர், கண்காணிப்பு கேமராப் பதிவுகள் கிடைக்கவில்லை என்று அறிக்கை அளித்தார். ஒரு டெராபைட் வன்தட்டு இருந்தும், நாள்தோறும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை அவர் சுட்டிக்காட்டினார். காவல் நிலையக் கேமராப் பதிவுகளை 18 மாதங்கள் வரை பாதுகாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உத்தரவிட்டது அதே ஆண்டு டிசம்பரில்தான்.

இத்தகைய இடத்தில் இந்தத் தொழில்நுட்பம் உண்மையிலேயே உதவக்கூடும். கேமரா அரசினுடையது, பதிவு அங்கேயே பிறக்கிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை அதன் ஹாஷ் தானாக நீதிமன்றக் கணுவுக்குச் சென்றால், அழிப்பைத் தடுக்க முடியாவிட்டாலும், எந்த நாளில், எத்தனை மணிக்குப் பதிவு நின்றது என்பதை யாரும் மறைக்க முடியாது. பதிவின் மறையாக்கப்பட்ட நகல் பரவல் சேமிப்பில் இருந்தால், நிலையத்தின் வன்தட்டை அழிப்பதால் பயனும் இல்லை. காவல் நிலையக் கேமராக்கள், காவலரின் உடல் கேமரா, இ-சாக்ஷ்யா போன்ற செயலிகள் ஆகியவற்றில் பதிவு பிறக்கும் நொடியிலேயே சங்கிலி தொடங்கிவிட முடியும். குடிமக்களிடமிருந்து கைப்பற்றப்படும் கணினிகளிலும் கைபேசிகளிலும் அது இயலாது. பிளாக்செயின் திட்டங்களுக்கான நிதியும் கவனமும் முதலில் எங்கே செல்ல வேண்டும் என்பதை இந்த வேறுபாடே சொல்கிறது.

சீனாவின் அனுபவமும் இதையே காட்டுகிறது. ஹாங்சோ இணைய நீதிமன்றம் 2018 ஜூனில் ஒரு பதிப்புரிமை வழக்கில் பிளாக்செயின் சாட்சியத்தை ஏற்றது. அதே செப்டம்பரில் அந்நாட்டு உச்ச மக்கள் நீதிமன்றம் அதற்கு விதி வகுத்தது. 2021 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த இணையவழி வழக்கு விதிகள் மேலும் ஓர் அடி எடுத்து வைத்தன. சங்கிலியில் ஏறிய பிறகு தரவு மாறவில்லை என்று கருதலாம். ஆனால் ஏறுவதற்கு முன்பே அது பொய்யானது என்று எதிர்த்தரப்பு கூறினால், மூலத்தை நீதிமன்றம் ஆராய வேண்டும் என்று அவை பிரித்துச் சொல்கின்றன. இந்தியச் சட்டத்தில் இந்தத் தெளிவு இன்னும் இல்லை.

பறிமுதல் நேரத்து 64 எழுத்துகள்

63-ஆவது பிரிவு கோரும் சான்றிதழ், பதிவை நீதிமன்றத்தில் ஏற்பதற்காகச் சமர்ப்பிக்கும்போது இணைக்கப்பட வேண்டியது. கைப்பற்றும் வேளையிலேயே ஹாஷ் எடுத்து, அதன் நகலைச் சாதனத்தின் உரிமையாளரிடம் தர வேண்டும் என்று அந்தப் பிரிவு வெளிப்படையாகச் சொல்லவில்லை. பறிமுதலுக்கும் சமர்ப்பிப்புக்கும் இடையே மாதங்களோ ஆண்டுகளோ உருண்டோடலாம். மின்னணுச் சாதனங்களைப் பறிமுதல் செய்வதற்கு வழிகாட்டுதல் கோரிய மனுக்கள் உச்ச நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டபோது, புதிய நெறிமுறைகள் உருவாகும் வரை 2020-ஆம் ஆண்டின் சிபிஐ கையேட்டை மத்திய முகமைகள் பின்பற்றும் என்று 2023 டிசம்பரில் மத்திய அரசு தெரிவித்தது. மாநிலக் காவல்துறைகளை அந்த உறுதிமொழி கட்டுப்படுத்தாது.

களத்தில் உள்ள சிரமங்களையும் ஒதுக்கிவிட முடியாது. ஒரு டெராபைட் வன்தட்டை நகலெடுத்து ஹாஷ் கணக்கிட மணிக்கணக்கில் ஆகும். எழுதுவதைத் தடுக்கும் கருவியும் பயிற்சி பெற்றவரும் தேவை. பூட்டிய கைபேசியில் சம்பவ இடத்திலேயே ஹாஷ் எடுப்பது பெரும்பாலும் இயலாது. அத்தகைய வேளையில், சாதனத்தின் ஐஎம்இஐ எண், அலைகளைத் தடுக்கும் ஃபாரடே பையின் முத்திரை எண், பறிமுதல் காணொளியின் ஹாஷ் ஆகிய மூன்றை மட்டுமாவது அங்கேயே பதியலாம். ஃபாரடே பையைப் பயன்படுத்துமாறு கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-லேயே அறிவுறுத்தியிருக்கிறது.

சான்றிதழ்ப் படிவத்திலும் ஒரு பழுது உண்டு. எஸ்ஹெச்ஏ-256 உடன் எம்டி5, எஸ்ஹெச்ஏ-1 ஆகிய பழைய முறைகளையும் அது அனுமதிக்கிறது. வெவ்வேறு கோப்புகளுக்கு ஒரே ஹாஷ் வரும்படி செய்ய முடியும் என்பது எம்டி5 முறையில் 2004-லும், எஸ்ஹெச்ஏ-1 முறையில் 2017-லும் நிரூபிக்கப்பட்டுவிட்டது. ஏற்கெனவே இருக்கும் ஒரு கோப்புக்கு இணையான போலியை உருவாக்குவது இன்றும் எளிதல்ல என்பதால் பழைய வழக்குகள் ஆட்டம் கண்டுவிடாது. ஆயினும் புதிய சட்டத்தின் படிவத்தில் அவற்றுக்கு இடமளித்திருப்பது, திறமையான எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குக் கதவைத் திறந்து வைப்பதாகும். அந்த இரண்டையும் நீக்க ஒரு திருத்தமும், பறிமுதல் மகஜரில் ஹாஷுக்கு ஒரு கட்டமும், அதன் நகலைக் கையொப்பம் பெற்று உரிமையாளரிடம் வழங்கும் விதியும் போதும். இவற்றுக்குத் தரவு மையம் எதுவும் தேவையில்லை. பிளாக்செயின் பேரேடு வரும் நாளில், அதில் முதலில் ஏற வேண்டிய பதிவும் அந்த மகஜரின் 64 எழுத்துகளே.